துரையின் இரண்டு நிமிடம்

மலாயாவில் பாலோ பக்கத்தில் நாங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே மருந்து போடுகிற டிரெசர் பெரிய சண்டைக்குப் போய்வந்தவர். துப்பாக்கி பிடித்தவர் அல்ல. குண்டு விழும் இடத்தில் அடிபட்டுக் கிடந்தவர்களைத் தூக்கி வந்து கட்டுப்போட்டவர். பஸ்ராவுக்கு அப்பால் ஒரு மணல்காட்டில் வெள்ளைக்கார ஆபீசர் ஒருவரை முதுகில் சுமந்து வரும்போது இவர் முழங்காலில் குண்டு பாய்ந்தது. அப்படியும் கீழே போடவில்லையாம். ஆபீசர் பிழைத்தார். இவர் கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. அதற்காக ஒரு வெள்ளி மெடல் கொடுத்தார்கள்.

என் அடுத்த வீட்டுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காலை வாங்கிக்கிட்டுக் காசு குடுத்திருக்கானுங்க. அதுவும் கடையில செல்லாத காசு."

டிரெசர் வயிறு குலுங்கச் சிரித்தார். மெடல் அவருடைய தகரப்பெட்டியில் மருந்துப் புட்டிகளுக்கு அடியில்தான் கிடக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள் அதற்கு வெளிச்சம். நவம்பர் பதினொன்று, பகல் பதினோரு மணி. சண்டை ஓய்ந்த நேரமாம். நாங்கள் எல்லோரும் கொடிமரத்தடியில் இரண்டு நிமிடம் வாய்திறக்காமல் நிற்க வேண்டும். டிரெசர் மெடலைக் குத்திக்கொண்டு முன்னால், வெயிலில். எங்கள் துரைக்கு அதில் அப்படியொரு பக்தி. சண்டை நடந்த காலமெல்லாம் அவர் இங்கே பங்களாவில் இருந்தபடி ரப்பர் விலை ஏறுவதைப் பார்த்துப் பூரித்தவர். செத்தவர்களிடம் நன்றி இருக்காதா?

அந்த வருஷமும் துரை நெடுநேரம் பேசினார். கணக்கு எழுதுகிற கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "சத்தம் போடாதீங்க. போட்டா இன்னைக்குப் பேர் கிடையாது." பேர் இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. பிள்ளைகள் சிணுங்கக் கூடாதென்று துரைசாணி ஆளுக்கொரு உருண்டை மிட்டாய் கொடுத்தார். கோலிக்குண்டு பருமன்.

மணி அடித்தது. மூன்று வயதான என் மகள் தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். அன்று ஒரு சத்தமும் இல்லை. என் சேலையை மட்டும் இழுத்தாள். எங்களை வேலை வாங்குகிற கங்காணி என்னைப் பார்த்து மெச்சுவதுபோல் தலையை ஆட்டினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. இழுத்த கை தளர்ந்தபோதுதான் குனிந்து பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் செருகிவிட்டது.

"ஐயோ, எம் பிள்ள!"

"ஏ புள்ள, வாய மூடு! எல்லார் பேரும் போயிரும்!" என்று கங்காணி பல்லைக் கடித்தார்.

அதற்குள் டிரெசர் நொண்டிக்கொண்டே ஓடி வந்துவிட்டார். மடங்காத காலை நீட்டி மண்ணில் பொத்தென்று உட்கார்ந்து, பிள்ளையைத் தொடைமேல் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் அடித்தார். ஒன்றுமில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். மிட்டாய் தெறித்துப்போய்த் துரையின் பூட்ஸ் அருகே உருண்டது. என் மகள் போட்ட அலறலில் கொடிமரத்துக் காக்கை பறந்தது.

துரை கடிகாரத்தைப் பார்த்து, முகம் சிவந்து ஏதோ சொன்னார்.

"மறுபடி மொதல்லேர்ந்து நிக்கணுமாம்" என்றார் கிராணி.

நின்றோம். மகள் அந்த இரண்டு நிமிடமும் அழுதாள். டிரெசர் எழுந்திருக்கவில்லை, முடியவில்லையா, மனமில்லையா, தெரியாது. உட்கார்ந்தபடியே அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் துரை டிரெசரைக் கேட்கச் சொன்னாராம்: செத்தவர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதா?

"செத்தவங்கள நான் நெறைய தூக்கியிருக்கேன்னு சொல்லுங்க, கிராணியாரே. ஒருத்தரும் அவசரப்பட்டதில்ல. இந்தப் புள்ளைக்குத்தான் அவசரம்."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது "சாரி சார்" மட்டும்தான்.

அடுத்த வருஷம் பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது: டிரெசர் வர வேண்டாம், மெடலை மட்டும் அனுப்பினால் போதும். ஒரு நாற்காலியில் மெத்தை போட்டு அதன்மேல் மெடலை வைத்தார்கள். தோட்டமே அந்த நாற்காலிக்கு முன்னால் மூச்சை அடக்கி நின்றது. துரை தொப்பியைக் கழற்றினார். நாற்காலி கடைசிவரை அசையவில்லை. துரைக்கு அது மிகவும் பிடித்துப்போயிருக்கும். துரைசாணியின் மிட்டாயும் உண்டு. அதே பருமன்.

என் மகளை மட்டும் ஆஸ்பத்திரியில் விட்டிருந்தேன். திரும்பிப் போனபோது டிரெசர் பெஞ்சில் காலை நீட்டியிருந்தார். அவள் ஒரு காலி டின்னைத் தட்டித் தோட்டம் அதிரப் பாடிக்கொண்டிருந்தாள். நாற்காலிக் கதையைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு தாயி" என்றார். "அதுக்குக் கால் வலிக்காது."