ஓடைக்கரையில் நாலாம் வகுப்பு

எங்கள் ராஜபாளையத்துக் குளிர்காலத்தில் பனிக்கட்டியா விழுகிறது? மார்கழியில் காதை மூடிக்கொண்டு இருமுவோம், அவ்வளவுதான். ஆனால் இந்த மாதங்களில் மலைமேல் மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும். பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் படித்து என்ன ஆகப்போகிறது? ஒரு சனிக்கிழமை என் நாலாம் வகுப்பை மலையடிவாரத்து மாந்தோப்புக்குக் கூட்டிப்போனேன். பத்தொன்பது பேர்.

தலைமையாசிரியரிடம் நடையாய் நடந்து வாங்கிய அனுமதி அது. பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள்கள் பத்திரம், பத்திரம் என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினார். அத்தனையும் என் கைப்பையில் இருந்தன.

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பையை ஓடைக்குள் ஒரு பாறைமேல் வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ எதையும் எடுக்காமல் மேட்டிலிருக்கும் மாமரத்துக்கு ஓட வேண்டும். மூன்று முறை ஓடவிட்டேன். மூன்று முறையும் எவனாவது செருப்பை எடுக்கத் திரும்பினான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஏலே, செருப்பு பெருசா, உசுரு பெருசா?" என்று கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது.

பிறகு கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். வகுப்பிலேயே சின்ன உருவமான பெண்தான் முதலில் பார்த்தாள்.

"டீச்சர், தண்ணி டீ கலர்ல வருது."

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தனை பேரும் வெறுங்காலோடு மேட்டுக்கு ஓடினார்கள். நானும் பின்னால் ஏறி எண்ணினேன். பத்தொன்பது. பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் பாறைமேல் பை கண்ணில் பட்டது. நாலு எட்டுதானே என்று இறங்கினேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. பைக்குக் கை நீட்டும்போது யாரோ பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தச் சின்னப் பெண். அவளுக்கு இடுப்பளவு தண்ணீர்.

"அத விடுங்க டீச்சர்! மேல வாங்க!" என்று அழுதாள்.

அவளை வாரி எடுத்துக்கொண்டு ஏறினேன். மரத்தடிக்கு வந்து திரும்பிப் பார்த்தால் பாறையையே காணவில்லை. அவளை என்னிடம் ஒப்படைத்த தாளை எடுக்கப்போய் அவளையே வெள்ளத்தில் இறக்கிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

மறைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மிஷின் நின்றது. மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். இனிமேல் பிள்ளையை அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன்.

"அடுத்த தடவ நானும் வாரேன் டீச்சர்," என்றார். "நீங்க பிள்ளைகளப் பாருங்க. ஒங்கள நான் பாத்துக்கிடுறேன்."