மூடி திறக்காத பாட்டில்

ராமேஸ்வரத்தில் தீர்த்தமெல்லாம் ஆடி, அய்யாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வேனில் திரும்பினோம். உச்சிப்புளி வந்ததும், பார்த்து நாளாயிற்றே என்று அத்தைதான் எங்கள் பழைய பண்ணையாள் வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். எங்கள் வயலுக்குக் காலமெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவர். அவர் சாதி வீட்டில் எங்கள் ஆட்கள் கை நனைத்ததில்லை.

நெட்டையான, வற்றிய உடம்பு. எங்களைக் கண்டதும் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மகன் கட்டிய மாடிவீட்டு வாசலிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அய்யாவின் கடைசி நாட்களைக் கேட்டு அழுதார். பிறகு எழுந்து போய், கடையிலிருந்து ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார்.

"எதுக்கு இதெல்லாம்? வீட்டுத் தண்ணியே போதுமே" என்றேன், மரியாதைக்கு.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய், துலக்கிய செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அத்தை என்னையே பார்த்தார். என் கை எழவில்லை.

"இப்பத்தான் பாட்டில்ல குடிச்சேன்."

என் கையிலிருந்த பாட்டிலின் மூடியை அவர் பார்த்தார்.

"சங்கடப்படுவீகன்னுதான் சின்னய்யா, கடைக்குப் போனேன்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வேன் கிளம்பியதும் அத்தை சொன்னார்: "வெவரம் தெரிஞ்ச மனுசன்."

திரும்பிப் பார்த்தேன். செம்பை இன்னும் கீழே வைக்காமல் நின்றிருந்தார்.