ஜெயப்பிரியாவின் இடது இறக்கை

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில் முடிய இன்னும் இரண்டு நாள். செங்கல்பட்டில் காலை ஒன்பது மணிக்கே மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியைத் தொட முடியவில்லை.

ஜெயப்பிரியா மின்விசிறியை நிறுத்தினார். நீல நிற மைத்தாளில் ஒரு துண்டு கத்தரித்து, விரல் நீளமே இருந்த பிளாஸ்டிக் இறக்கைக்கும் பொம்மை விமானத்தின் உடலுக்கும் நடுவே வைத்து, மெல்ல அழுத்தி எடுத்தார். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதைச் சுரண்டினார். மறுபடியும் தாள், மறுபடியும் அழுத்தம், மறுபடியும் சுரண்டல். அது பதினோராம் முறை.

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கின்றன என்று கண்டறியும் தாள் அது. அவர் பல்செட் செய்பவர். படாளத்திலிருந்து திருமணமாகி வந்த நாள்முதல் பத்தொன்பது ஆண்டுகளாக இதே தொழில். பேருந்தில் எதிரே அமர்ந்தவரின் முகம் அவர் மனத்தில் நிற்காது, வாய் நிற்கும். "மூணாவது பல்லு தூக்கினு இருக்குமே, அந்தம்மா" என்றுதான் பக்கத்து வீட்டுக்காரரையே அடையாளம் சொல்வார்.

அவர் செய்த பற்களை அணிந்துகொண்டு ஊரே முறுக்குக் கடிக்கிறது. ஆனால் ஊர்ப் பேச்சில் எல்லாம் டாக்டர் கட்டிய பற்கள். ஜெயப்பிரியாவின் பெயர் அவற்றில் எங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டும் விமானங்களின் வயிற்றில் மட்டும் ஊசிமுனையால் 'ஜெ.பி.' என்று கீறி வைப்பார்.

இந்த விமானத்தைப் போல அவரைப் படுத்தியது வேறெதுவுமில்லை. சென்னையில் மூடவிருந்த ஒரு பொம்மைக் கடையில் கிடைத்த, ஒட்டிச் சேர்க்க வேண்டிய உறுப்புகள் அடங்கிய பெட்டி. அச்சு தேய்ந்த காலத்தில் வார்த்தது போலும். உடலின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று நீளம் குறைந்தும் கூடியும் இருந்தன. இறக்கை சேருமிடத்தில் ஒரு நாணயத்தையே நுழைக்கலாம். "வாய்க்கு வாய் சேராத சனியன்" என்று திட்டிக்கொண்டே, அதையே போட்டிக்கும் பதிவு செய்திருந்தார்.

ஜூன் 16 அன்று அணுபுரத்தில் விமானம் ஒட்டும் போட்டி. அவர் சேர்ந்தது 'பெட்டியில் உள்ளபடி' என்னும் பிரிவு. பசையும் பூச்சும் வண்ணமும் நம்முடையவையாக இருக்கலாம். உறுப்புகள் அனைத்தும் பெட்டியில் வந்தவையாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டு அவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பதிவு செய்த கைப்பேசி எண் கணவர் பெயரில் இருந்ததால், சான்றிதழில் 'திரு. ஜெகதீசன்' என்று அச்சாகிவிட்டது. அவரோ அதற்கு உறை போட்டு, மாமல்லபுரத்துக்கு ஓட்டும் தம் வேனில் மாட்டிக்கொண்டார். இவ்வாண்டு முதல் பரிசும் வேண்டும், அதில் தம் பெயரும் வேண்டும் என்பதே ஜெயப்பிரியாவின் எண்ணம்.

சுரண்டிச் சுரண்டி மேடு போயிற்று; இடைவெளி போகவில்லை. மற்றவர்கள் இந்த இடத்தில் பட்டிப் பசை வைத்து அடைப்பார்கள். ஜெயப்பிரியாவின் கை, பழக்க தோஷத்தால், பல்செட்டுக்கு ஈறு அமைக்கும் இளஞ்சிவப்புப் பொடியையும் அதைக் குழைக்கும் திரவத்தையும் நாடியது. இடது இறக்கையின் அடியில் அழகாக அப்பினார்.

தேநீர் கொண்டுவந்த ஜெகதீசன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, ஏரோப்ளேனுக்கு ஈறு கட்டிக்கினு கீற? பல்லு வலிக்குதாமா அதுக்கு?"

"யோவ், டீய வெச்சிட்டு நீ போயி வண்டியத் தொடச்சி வை."

டம்ளரைக் கையில் எடுத்தபோதுதான் ஜெயப்பிரியா கவனித்தார். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டிருந்தது. இறக்கை வேரோடு இளகி, தலை தொங்கி, மேசையில் படுத்தது.

"போச்சு" என்றார். அந்தப் பெட்டியைத் தயாரித்த நிறுவனமே இப்போது இல்லை. மாற்று இறக்கைக்கு எழுதிக் கேட்க வழியில்லை.

அடுத்த ஞாயிறு அவர் மெழுகை உருக்கினார். வலது இறக்கையை எதிரே நிறுத்தி, அதன் கண்ணாடிப் பிம்பமாக இடது இறக்கையை மெழுகில் செதுக்கினார். வலப்பக்கப் பல்லைப் பார்த்து இடப்பக்கப் பல் செய்கிறவருக்கு அது புதிதன்று. பிறகு பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, மெழுகை வெந்நீரில் வெளியேற்றி, பல் நிறப் பொடியைக் குழைத்து அடைத்து, வேகவைத்தார். வந்த இறக்கையை உடலோடு ஒட்டித் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு இணைப்பில் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் தடுக்கவில்லை. சாம்பல் வண்ணம் பூசியபின் இரண்டு இறக்கைக்கும் வேறுபாடே இல்லை.

"இப்ப எவன் கண்டுபுடிப்பான்? கம்முனு இரு" என்றார் ஜெகதீசன்.

போட்டியன்று நடுவர் கோபாலகிருஷ்ணன் உருப்பெருக்கியோடு நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வியப்பு.

"இதே பெட்டிய நானும் ஒருதரம் ஒட்டிப் பாத்தேம்மா. ரெண்டே நாள்ல தூக்கிப் போட்டுட்டேன். நீங்க எப்படி இத வழிக்குக் கொண்டாந்தீங்க?"

"வேல அப்படி சார். சேராதத சேக்கறதுதான்."

அவர் சிரித்துக்கொண்டே முதல் பரிசுக்கான தாளை எடுத்தார். இம்முறை பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதினார்: திருமதி ஜெயப்பிரியா. அதன்கீழே ஒவ்வொருவரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. பேனா முனையை 'ஆம்' என்ற கட்டத்தின்மேல் வைத்தபடியே கேட்டார்.

"எல்லா பார்ட்டும் பெட்டியில வந்ததுதானேம்மா?"

பின்னால் நின்ற ஜெகதீசன் இருமினார். ஜெயப்பிரியா திரும்பவில்லை.

"இல்ல சார். இடது ரெக்க நான் செஞ்சது."