நத்தாருக்கு எட்டுச் சொற்கள்

நான் ஒருத்திக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன் என்றால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து இருபத்தாறு வருடம். சமைக்கத் தெரியுமா, நிலம் துடைக்கத் தெரியுமா, வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டத் தெரியுமா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பரிசை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? அதனால்தான் அவள் வந்து கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் பெரு நாட்டுக்காரி, என் வயதுதான். லிபெர்த்தா தெருவில் ஒரே கட்டடத்தில் இருவருக்கும் வேலை. மூன்றாம் மாடியில் என் வீட்டுக்காரம்மா, சிஞ்ஞோரா. இரண்டாம் மாடியில் படுத்த படுக்கையாய் ஒரு வக்கீல். அவரைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே அவள் தங்கியிருந்தாள். நான் கபோ சந்தைப் பக்கத்தில் என் வீட்டிலிருந்து போய்வருகிறவள். எங்களுக்குள் பேச்சு இத்தாலியனில். அவளுடையது பாதி ஸ்பானியம், என்னுடையதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

அவளுடைய ஒரே மகள் அமெரிக்காவில் இருந்தாள். கணவன் அந்த நாட்டுக்காரன். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு ஆங்கிலம் மட்டும்தான் வரும். போனில் முகத்தைக் காட்டி ஹலோ சொல்லிவிட்டு ஓடிவிடும். மிச்சத்தை மகள்தான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும்.

"இந்த நத்தாருக்கு நடுவிலை மகள் இல்லாமல் நானே பிள்ளையோடை கதைக்க வேணும்" என்றாள். கையில் ஒரு கிறிஸ்மஸ் படப்புத்தகம் வைத்திருந்தாள். எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு ஆங்கிலச் சொல். ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லப்போகிறாளாம். "பிழையாச் சொன்னால் சிரிச்சுப்போட்டு ஓடிவிடுவாள். நீர்தான் என்ரை வாயைத் திருத்த வேணும்."

வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் பெயர் ஆங்கிலத் தோட்டம். அங்கே ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். முதல் நாளே தெரிந்துவிட்டது, அவள் நாக்குக்கு 'ஸ்' என்று தொடங்க வராது. ஸ்னோவை எஸ்னோ என்பாள், ஸ்டாரை எஸ்டார் என்பாள், பரிசு போடத் தொங்கவிடும் காலுறையை எஸ்டாக்கிங் என்பாள். ஜிஞ்சர்பிரெட் அவளுக்கு யிஞ்சர்பிரெட். பேசுவதைக் கேட்டு எழுதிக் காட்டும்படி போனை வைத்தோம். அவள் சொன்னதற்கு அது ஏதோ ஒரு கண்றாவியை எழுதியது. "இஞ்சை பாரும்" என்று நான் மிடுக்காகச் சொல்லிக் காட்டினேன். எனக்கும் கண்றாவியைத்தான் எழுதியது. நான் சொன்னது இஸ்னோ. மன்னாரில் பரிசு கொடுத்தவர்களும் இஸ்னோ என்றுதான் சொல்லியிருப்பார்கள். வாழ்நாளில் பனியைத் தொட்டிராத இரண்டு பேர் பனியை எப்படிச் சொல்வது என்று சண்டை பிடிக்கிறோமே என்று அவள் சிரித்த சிரிப்பில் புறா எல்லாம் பறந்துபோனது.

வழி அயன் பெட்டியில் கிடைத்தது. சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகளை அழுத்தும்போது நீராவி 'ஸ்ஸ்ஸ்' என்று கிளம்பும். அதற்கு முன்னால் எ-யும் இல்லை, இ-யும் இல்லை. மாடியால் இறங்கி ஓடி அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவள் வக்கீலின் சட்டைகளை அழுத்தும்போதெல்லாம் ஸ்ஸ்னோ, ஸ்ஸ்டார். கிழவர் கட்டிலிலிருந்து "யாருக்கு வாய் பொத்தச் சொல்கிறாய்?" என்று கத்துவாராம். டிசம்பர் நடுவில் வரும் சாந்தா லூச்சியா திருநாளில் இந்த ஊரில் கோதுமைப் பாண் தின்னமாட்டார்கள், அரிசி உருண்டை பொரித்துத் தின்பார்கள். அன்றைக்கு ஆசிரியைக்குக் காணிக்கை என்று நாலு உருண்டை மேலே அனுப்பினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையில்தான் நான் ஒரு சட்டம் போட்டேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போகும் நாளில், கண் விழித்ததிலிருந்து கைரேகை வைத்து முடியும்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் தமிழ் பேசுவதில்லை. நாக்கு இத்தாலியனில் நிற்க வேண்டும், கவுண்டரில் தடுமாறக்கூடாது என்பதற்காக. எத்தனையோ வருடப் பழக்கம், நாங்கள் ஒருமுறையும் காரியம் முடியாமல் திரும்பி வந்ததில்லை. அதையே அவளுக்கும் சொன்னேன்.

"நத்தாரண்டு விடியத் தொடங்கி ஒரு ஸ்பானியச் சொல்லும் வாயிலை வரக்கூடாது. ஒண்டு வந்தாலும் பழைய எஸ்னோ பின்னாலை வந்துவிடும்."

"ஓம்" என்றாள் பயபக்தியோடு.

நத்தாரன்று பின்னேரம் மூன்று மணி. அமெரிக்காவில் காலை. வக்கீல் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிச் சமையலறையில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து அவள் உட்கார்ந்தாள். படத்தில் விழாதபடி நான் பக்கத்தில். சொன்னபடி மகள் அறையை விட்டுப் போய்விட்டாள். சிவப்பு உடுப்போடு குழந்தை மட்டும்.

எட்டும் சரியாக வந்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் குழந்தை கைதட்டியது. ஸ்னோமேனுக்குத் திரும்பச் சொல்லு என்றது. நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. ஓடிவிடும் என்று பயந்த குழந்தை ஓடவில்லை. புத்தகம் முடிந்ததும் போனுக்குக் கிட்டே வந்து, மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னது: "ஃபெலிஸ் நவிதாத், அபுவெலிட்டா."

நல்ல நத்தார், அம்மம்மா. ஸ்பானியத்தில்.

அவள் முகம் மலர்ந்து வாய் திறந்தது. அவளுடைய மொழி தொண்டைவரை வந்ததை நான் கண்டேன். மேசைக்குக் கீழே அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். ஆங்கிலம்! அவள் வந்ததை விழுங்கினாள். "மெரி கிறிஸ்மஸ்" என்றாள், ஒரு பிழையும் இல்லாமல்.

குழந்தையின் முகம் வாடிப்போனது. மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டது: "நான் பிழையாய்ச் சொல்லிவிட்டேனா?"

அந்தச் சமையலறையில் அது விளங்கியது எனக்கு மட்டும்தான். அவள் என்னைப் பார்த்தாள். "என்ன கேக்கிறாள்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. பிள்ளையோடு இப்போதே ஸ்பானியத்தில் பேசு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் சட்டம்தான் காரியத்தைக் கெடுத்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. "புத்தகம் உமக்குப் பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறாள்" என்றேன்.

அவள் போனைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, வாயெல்லாம் சிரிப்பாக, "யெஸ்! யெஸ்!" என்றாள்.

குழந்தை தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விட்டது.

அடுத்த வியாழன் அவள் பூங்காவுக்கு வரும்போதே குழம்பிப் போயிருந்தாள். மகள் எடுத்துப் பேசியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற, ஸ்பானியம் பேசுகிற ஒருத்தியிடம் கேட்டு, அம்மம்மாவுக்கென்று பிள்ளை அந்த ஒரு வரியைப் பாடமாக்கினதாம். நத்தாருக்கு முந்தின ஒரு வாரமாய்க் குளிக்கும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான்.

"இப்ப சொல்லச் சொன்னால் மாட்டன் எண்டுறாளாம். போனுக்கும் வாறாளில்லை. ஏனெண்டு தெரியேல்லை. உமக்கு ஏதும் விளங்குதோ?"

"சின்னப் பிள்ளையள் அப்பிடித்தான்" என்றேன்.

மாசியில் வக்கீல் செத்துப்போனார். வீட்டோடு இருப்பவர்களுக்கு ஆள் செத்தால் வேலையோடு கூரையும் போய்விடும். ஜெனோவாவில் இருக்கும் தங்கையிடம் போகிறேன் என்று பெட்டியோடு நின்றாள். பஸ் வரும்வரை கூட நின்றேன். சொல்ல வேண்டும், இப்போதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள்.

"நீர் இல்லாட்டி என்ரை பேத்தியோடை நான் ஒரு வார்த்தை கதைச்சிருக்க மாட்டன்" என்றாள்.

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துக் கொடுத்தேன். கவனமாய்ப் போயிட்டு வாரும் என்று மட்டும் சொன்னேன்.