ஹெலிகாப்டரில் கேட்ட கண்டக்டர் விசில்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். ரிட்டையர் ஆகும் வரை அரசு பஸ் ஓட்டியவன் நான். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே எந்தப் பள்ளம் எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும், எந்த வளைவில் எந்தப் பேய் என்று என் பயணிகளுக்குத் தெரியும். வெள்ளைச் சேலையோடு ஒருத்தி நிற்பாள் என்று பயமுறுத்துவார்கள். "நிக்கட்டும்யா, கையக் காட்டுனா ஏத்திக்கிருவோம்" என்பேன். ஒருத்தியும் கையைக் காட்டவில்லை.

அதனால் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். என் மருமகனே நம்பவில்லை. "ஒயரத்துல ஆக்சிஜன் கம்மி மாமா, காதுக்கு என்னென்னமோ கேக்கும்" என்கிறார். சரி, எனக்கு ஆக்சிஜன் கம்மி. திருநகரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கும் கம்மியா? இதைக் கேட்டால் மருமகன் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.

முதலில் துளசிராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கண்டக்டர். சௌராஷ்டிரக்காரன், வீடு திருநகரில். தங்கமானவன், ஆனால் கோபம் வந்தால் அவர்கள் வீட்டுப் பாஷையில் திட்டுவான், என்ன திட்டினான் என்று புரியாததால் நமக்கு இரண்டு மடங்கு கோபம் வரும். பெருமாள் பைத்தியம். மாதம் தவறாமல் அழகர்கோவில். நேபாளத்தில் பனிமலைகளுக்கு நடுவே முக்திநாத் என்று ஒரு பெருமாள் இருக்கிறார், ரிட்டையர் ஆனதும் இரண்டு குடும்பமும் சேர்ந்து போகிறோம் என்று டீக்கடையில் தினமும் ஆரம்பித்துவிடுவான்.

"ஹெலிகாப்டர்ல போறோம் மாப்ள. அன்னைக்காச்சும் நீ ஸ்டியரிங்க விட்டுட்டுச் சும்மா ஒக்காரு" என்பான்.

எங்கள் தொழிலில் விசில்தான் பேச்சு. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. கூட்ட நேரத்தில் கண்ணாடியில் தலைகள்தான் தெரியும், கண்டக்டர் தெரிய மாட்டார், அந்த விசிலை நம்பித்தான் வண்டியே ஓடும். ஒருநாள் திருமங்கலம் பஸ் நிலையத்தில் துளசி டீ குடிக்க இறங்கியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு பொம்மைக்காரர் பின்வாசலில் ஏறி, விற்பதற்காகப் பிளாஸ்டிக் விசிலை இரண்டு தடவை ஊதிக் காட்டியிருக்கிறார். பீ, பீ. நான் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

துளசி கையில் டீ கிளாஸோடு பின்னாலேயே ஓடி வந்திருக்கிறான், எனக்கு எங்கே தெரிகிறது. கடைசியில் கோழி ஏற்றி வந்த வேன் ஒன்றில் தொற்றிக்கொண்டு, திருநகர் நிறுத்தத்தில் எங்களைப் பிடித்தான். தலை முழுக்கக் கோழி இறகு. பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"இம்புட்டு வருசமா ஊதுறேன். எவனோ ஊதுறதுக்கும் நான் ஊதுறதுக்கும் ஒனக்கு வித்தியாசம் தெரியலையாடா?"

"விசில்ல என்னடா ஒன் விசிலு, ஊரான் விசிலு?" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகும் அதே பஸ், அதே ரூட், வருடக்கணக்கில் ஓட்டினோம், ஒரு வார்த்தை கிடையாது. அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் முன் சீட்டில் இருப்பவரைப் பிடிப்பான். "அண்ணே, டீசல் போடணுமான்னு டைவரக் கேளுங்க." அவர் என்னைப் பார்ப்பார். "போடணும்னு கண்டக்டர்கிட்டச் சொல்லுங்க" என்பேன். இந்த இரண்டு பேரில் எவனுக்குக் காது கேட்காது என்று புரியாமல் அவர் முழிப்பார். ரிட்டையர் ஆன அன்று டெப்போவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து மாலை போட்டுப் படம் எடுத்தார்கள், நான் கிழக்கே பார்க்கிறேன், அவன் மேற்கே பார்க்கிறான். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு வலிக்கும்.

பிறகு என் மனைவி மரகதம்தான் முக்திநாத் பேச்சை மறுபடி எடுத்தாள். மதுரையிலிருந்து சமையல்காரரோடு யாத்திரை கூட்டிப்போகிற ஒரு குழுவில் பெயர் கொடுத்தோம். துளசியால் வர முடியாது. அவனுக்கு வீசிங் வந்து, மலைப்பக்கமே தலைவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மரகதம் போய் அவன் மனைவி சரோஜாவிடம் சொல்லிவிட்டு, பெருமாளுக்குச் சாத்த ஒரு துளசி மாலையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"அவன் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"செவரப் பாத்து ஒக்காந்துருந்தாரு. என்னைக்கு ஹெலிகாப்டர்னு மட்டும் சரோஜாவ விட்டுக் கேக்கச் சொன்னாரு."

பொக்காரா என்கிற ஊரில் ஹெலிகாப்டரில் ஏற்றுகிறார்கள். ஏற்றும் முன் ஆளை எடை போடுகிறார்கள், பலசரக்குக் கடை மாதிரி. மரகதம் பருப்புப்பொடிப் பையோடு ஏறி நின்றாள், எடை போடுகிற ஆள் பையைத் தனியாக வைக்கச் சொன்னதும் என்னை முறைத்தாள். என் தொந்தியைப் பார்த்த அந்த ஆள் முன்னால் கையைக் காட்டினான். பைலட்டுக்குப் பக்கத்து சீட்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை. "இங்க வந்துமா டைவர் சீட்டு?" என்று மரகதம் பின்னாலிருந்து முனகினாள். அவளும் எங்கள் குழுவிலிருந்து இன்னும் மூன்று பேரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்கள். எனக்கும் பைலட்டுக்கும் மட்டும் காதை மூடுகிற பெரிய ஹெட்போன். பைலட் சின்னப் பையன், கறுப்புக் கண்ணாடி. கை மட்டும் நல்ல கை, அதை நான் முதலிலேயே கவனித்துவிட்டேன். ஆனால் ஒன்று, அம்புட்டுப் பெரிய வண்டிக்கு ஹாரன் கிடையாது.

மேலே போனதும் மலைகள் வர ஆரம்பித்தன. அதை எப்படிச் சொல்வது. அழகர் மலையையே மலை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அதெல்லாம் மலையாகவே தெரியவில்லை, வானத்தில் பாதி வெள்ளையாக நிற்கிறது. வெயில் பட்ட இடம் மஞ்சள், படாத இடம் நீலம். கீழே ஒரு ஆறு நூல் மாதிரி ஓடுகிறது. இதெல்லாம் துளசி பார்க்க வேண்டியது, நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றியது.

அப்போதுதான் மேகம் வந்தது. வந்தது என்றால், கண்ணாடி முழுக்க ஒரே நொடியில் பால் ஊற்றினாற்போல. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பைலட் வேகத்தைக் குறைத்தான். அவன் தாடை இறுகியதைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த தாடை, மார்கழிப் பனியில் நான் அப்படித்தான் ஓட்டுவேன். ஹெட்போனில் மெலிதாக இரண்டு சத்தம் கேட்டது. ஏதோ மெஷின் சத்தம் என்று நான் கண்டுகொள்ளவில்லை. பைலட் தலையை ஆட்டிவிட்டு மெதுவாக முன்னால் விட்டான்.

அடுத்து கேட்டது விசில். ஒரே விசில். நீளமாக ஆரம்பித்து, முடிகிற இடத்தில் கொஞ்சம் இறங்கும். ஆயிரம் விசிலில் அது எனக்குத் தெரியும், அப்படித் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் வழக்கமான சுத்தம் இல்லை, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊதினால் களகளவென்று வருமே, அப்படி. அதையெல்லாம் யோசிக்கவே இல்லை, என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துவிட்டது.

"ஹோல்டான்! ஹோல்டான்! துளசி அடிக்கிறான்யா!" என்று கத்தினேன்.

பைலட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் கத்தும் முன்பே நிறுத்திவிட்டான். நம்பினால் நம்புங்கள், வண்டி நடுவானத்தில் நின்றது. மேகம் கொஞ்சம் விலகியது. நேர் எதிரே பாறை. கறுப்பாக, ஈரமாக, விரிசலில் ஐஸ் தொங்கிக்கொண்டு, பஸ் நிலையத்தில் முன்னால் நிற்கிற பஸ்ஸின் முதுகு தெரியுமே அந்தத் தூரத்தில். பைலட் வாயைத் திறந்தபடி அப்படியே பின்னால் எடுத்து, திருப்பி, பேசாமல் பொக்காராவுக்கே கொண்டுவந்து இறக்கினான்.

"அதுக்குள்ள பெருமாள் கோயில் வந்துருச்சா?" என்றாள் மரகதம் பஞ்சை எடுத்துக்கொண்டே. பின்னால் ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் இருந்த எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

பைலட் என்னிடம் ஓடி வந்தான். உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினான், அதே களகளவோடு. "விசில்? விசில்?" என்றான். நான் தலையாட்டினேன். அவன் முதலில் இரண்டு விரலைக் காட்டினான், பிறகு ஒரு விரலைக் காட்டினான், கண்ணில் கேள்வியோடு. எனக்குப் புரியவில்லை. மரகதம் என் காதில், "பாவம், பயத்துல அந்தத் தம்பிக்கு வயித்தக் கலக்கிருச்சு போல, பாத்ரூம் எங்கன்னு கேக்குது" என்றாள். நானும் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டேன். அவன் என்னை வெறித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். விசில் ஏதாவது கிடக்கிறதா என்று மரகதத்தின் பையைக் கொட்டித் தேடினேன், பருப்புப்பொடியும் ஊறுகாயும் துளசி மாலையும்தான் இருந்தன. மறுநாள் வானம் வெளுத்திருந்தது, வேறு பைலட்டோடு போய் மாலையைச் சாத்திவிட்டு வந்தோம்.

மதுரை வந்த மறுநாளே பிரசாதத்தோடு திருநகர் போனேன். துளசி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சரோஜாவைப் பார்த்துச் சொல்வது போல உரக்கச் சொன்னேன். மேகம், விசில், பாறை, அவ்வளவுதான் சொன்னேன். களகள விஷயமெல்லாம் சொல்லவில்லை. சரோஜா முகம் வெளுத்துப்போனது.

"அண்ணே, அன்னைக்குக் காலைல இவருக்கு இட்லி வச்சுக்கிட்டு இருந்தேன். இந்நேரம் மரகதக்கா மேல பறந்துக்கிட்டு இருப்பாங்கன்னு சொன்னேன். சொல்லி வாய மூடல, இவரு சட்னிக் கையோட ஓடிப்போயி, ஆணியில தொங்குற விசில எடுத்து ஒரே ஊது. வீசிங் வச்சுக்கிட்டு! தெருவே திரும்பிப் பாத்துச்சு. விசிலுக்குள்ள பூராம் தேங்காச் சட்னிண்ணே, களகளன்னு என்னமா ஒரு சத்தம். வெந்நில போட்டுக் கழுவியும் கடுகு ஒண்ணு இன்னும் உள்ளயே கெடக்கு."

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"கேட்டுச்சா?" என்றான் துளசி. அத்தனை வருடங்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"கேட்டுச்சு."

"என்னுதுன்னு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சுடா. சட்னியோடயே தெரிஞ்சுச்சு."

அவன் சிரிக்க ஆரம்பித்தான், அது இருமலில் போய் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை. சரோஜா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

"எதுக்குடா ஊதுன?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியல மாப்ள. இட்லியப் பிட்டு வாயில வைக்கிறேன், யாரோ ரெண்டு விசில் அடிச்சாங்க. பிளாஸ்டிக் விசிலு. பீ, பீன்னு. அடப்பாவி, இவன் மறுபடி கெளம்பிருவானேன்னு ஓடுனேன்."

சரோஜா கொண்டுவந்து நீட்டிய காபியை வாங்கிக் கீழே வைத்தேன். மெஷின் சத்தம் என்று நினைத்தேனே, மெலிதாக இரண்டு. அதை நான் மரகதத்திடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பைலட் பையன் இரண்டு விரலைக் காட்டிவிட்டு ஒரு விரலைக் காட்டியது அப்போதுதான் புரிந்தது. துளசியின் ஒரு விசிலைக்கூட நான் எப்படியோ ஒப்புக்கொள்வேன், அவன் என் சிநேகிதன். எங்களைப் பாறையைப் பார்த்துக் கிளம்பச் சொன்ன அந்த இரண்டு விசில் யாருடையது?

இப்போது மாதாமாதம் என் ஸ்கூட்டரில்தான் இருவரும் அழகர்கோவில் போகிறோம். துளசி பின்னால் உட்கார்ந்து, பழைய வழக்கம், இரண்டு விசில் அடித்தால்தான் நான் கிளம்ப வேண்டும். கடுகு இன்னும் உள்ளே இருப்பதால் அது கடகடவென்று உருளும். போன மாதம் வழியில் டீக்கு நிறுத்தினோம். குடித்துவிட்டு வந்து வண்டியை உதைத்தேன். பின்னால் இரண்டு விசில். மெலிதாக, கடுகுச் சத்தம் இல்லாமல். நான் ஆக்ஸிலரேட்டரைத் தொடவில்லை, திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் யாரும் இல்லை. துளசி டீக்கடை வாசலில் கையில் கிளாஸோடு நின்று, என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருந்தது.