ஒத்தாசைக்கு உருட்டிய கோலா

குண்டு மிளகாய் வத்தலை விதையோடு சேர்த்து அரைத்த கறி விழுதை இரண்டு மணி நேரம் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு நகக்கண்ணில் சுருக்கென்று ஏறும். அப்புறம் விரலிடுக்கு, மணிக்கட்டு என்று பரவிக் கை முழுக்கத் திகுதிகுவென்று எரியும். சோப்பு, மோர், நல்லெண்ணெய் எதற்கும் மசியாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மறதியாகக் கண்ணைக் கசக்கினால் தொலைந்தோம். பதினோரு வயதில் என்னைப் பற்றிக்கொண்ட அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடக்கிக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

ராமநாதபுரம் சீமையில், சிக்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில்தான் இருந்தன. மிளகாய் வியாபாரம் செய்த பெரியப்பாவுக்கு மாடி வீடு, அவர் தம்பியான எங்கள் அய்யாவுக்கு ஓட்டு வீடு. பெரியப்பா மகன் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பிய வருடம், அவனை வழியனுப்புகிற விருந்தோடுதான் 'பார்ட்டி' என்ற சொல் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. அதுவரை எங்களுக்கு விருந்து என்றால் இலை, பந்தி, சோறு, அவ்வளவுதான். பார்ட்டி என்றால், சோறு போடுவதற்கு முன்னால் வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு தட்டைக் கொடுத்துக் கொறிக்க விட வேண்டுமாம். கொறிப்பதற்குக் கோலா உருண்டை என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார். கடற்கரைக்காரர்களிடம் கோலா என்றால் பறக்கிற மீனைக் காட்டுவார்கள். எங்கள் தெருவில் கோலா என்றால் கறி உருண்டைதான், அதுவும் என் அம்மா கையால் செய்த கறி உருண்டை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாக ஏறி, "குடும்பத்தோட வந்துரணும்" என்று தெரு முழுவதையும் அழைத்தார்கள். எங்கள் வாசலில் மட்டும் தட்டு படியேறவில்லை. தெருவில் நின்றபடியே பெரியம்மா என் அம்மாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ செல்லம், ஞாயித்துக்கெழம விடிய ஒத்தாசைக்கு வந்துரு. சின்னவளையும் கூட்டிக்கிட்டு வா. சின்னக் கை, உருண்டை ஒரே அளவா வரும்."

'ஒத்தாசை'! இந்த ஒரு சொல்லைத் தமிழிலிருந்தே தூக்கி எறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். தெருவில் மற்ற எல்லோருக்கும் அழைப்பு வரும், அம்மாவுக்கு ஒத்தாசை வரும். காதுகுத்தா, ஒத்தாசை. நிச்சயதார்த்தமா, ஒத்தாசை. "நம்மள அவுக கூப்பிடவே இல்லையேம்மா" என்று நான் சிணுங்கியதற்கு அம்மா சிரித்துக்கொண்டே, "நம்ம வீட்டு விசேசத்துக்கு நம்மளயே வெத்தல வச்சுக் கூப்பிடுவாகளாடி?" என்றாள். அவள் அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சொல்லித் தானே நம்பியும் விட்டாள்.

ஆனாலும் அந்தத் தடவை அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. தீபாவளிக்கு எடுத்த அரக்குச் சேலையை மடித்து மஞ்சப்பையில் வைத்தாள். வேலை முடிந்ததும் முகம் கழுவி அதைக் கட்டிக்கொள்ள வேண்டும், அந்தக் கூடத்தில் வந்தவர்களோடு வந்தவளாகச் செத்த நேரம் உட்கார வேண்டும். "நானும் அந்த வீட்டு மருமகதான?" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

கீழக்கரை முஸ்லிம் நண்பர்களும் சாப்பிட வேண்டும் என்று பெரியப்பா அங்கேயே பாய் கடையில் கொத்துக்கறி வாங்கி வந்திருந்தார். அம்மா அதை மஞ்சள் போட்டுத் தண்ணீர் சுண்ட வேகவைத்து, தேங்காய், சோம்பு, கசகசா, வத்தலோடு ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அம்மியில் அரைத்தாள். பொட்டுக்கடலை மாவைக் கலந்து, முதல் உருண்டையை எண்ணெயில் போட்டு, உடைகிறதா என்று குனிந்து பார்த்தாள். உடையவில்லை. அதன் பிறகு நான் உருட்ட உருட்ட அவள் பொரித்தாள். பெரியம்மா பட்டுச்சேலையில் வந்து வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் ஆகலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் அய்யா கூடத்தில் வெள்ளை வேட்டியில் சம்மணம் போட்டுத் தட்டை வாங்கித் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு வெற்றிலையும் தேவைப்படவில்லை, ஒத்தாசையும் தேவைப்படவில்லை. அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒருவழியாக எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அம்மா அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தலையில் இரண்டு கண்ணி கனகாம்பரம் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். பெரியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அம்மா அதன் முதுகில் கையை வைத்ததுதான் தாமதம், ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்துத் தட்டை நீட்டி, "கோலா ரொம்ப நல்லாருக்கு, இன்னும் ரெண்டு கொண்டாம்மா" என்றார்.

அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்த பெரியம்மா பக்கத்திலேயே இருந்தார். "அய்யய்யோ, இவ என் கொழுந்தன் பொண்டாட்டி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பெரியம்மா தன் வளையலைத் திருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அம்மா நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்தவரும் கேட்டார், அவருக்கும் கொண்டுவந்தாள். கடைசிப் பந்தி முடியும்வரை அரக்குச் சேலை கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தது. அந்த நாற்காலியில் யாரோ ஒரு பையன் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன், அழுதேன். "சும்மா கெட. நாலு பேரு முன்னாடி பெரியவுகள விட்டுக் குடுக்கக் கூடாது" என்றாள். அவளை விட்டுக் கொடுத்தவர்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பெரியம்மாவை வெறுத்ததைவிட அம்மாவை அதிகமாக வெறுத்தேன். அது தப்பு என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

இப்போது பெரியப்பா இல்லை. அந்த அடுப்படியை இடித்துக் கார் நிறுத்த இடம் கட்டிவிட்டார்கள். அம்மி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. விடியற்காலையில் யாரும் யாரையும் ஒத்தாசைக்குக் கூப்பிடுவதில்லை, மதுரையிலிருந்து கேட்டரிங் வேனில் எல்லாம் வந்து இறங்கிவிடுகிறது. இதற்கெல்லாம் என்னிடம் ஒரு பொட்டு வருத்தமும் கிடையாது. ஒழிந்தது நல்லது.

போன மாதம் பெரியப்பா மகன், தன் மகள் பிறந்தநாளுக்கு ராமநாதபுரத்தில் ஹால் எடுத்திருந்தான். வாட்ஸ்அப்பில் எங்களுக்கும் அழைப்பு வந்தது. கோலாவைக் குச்சியில் குத்தி நீட்டினார்கள். மேசையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அவன் ஓர் உருண்டையைக் கடித்துவிட்டு என் அம்மாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "என்ன இருந்தாலும் அந்தக் காலம் மாதிரி வருமா சின்னம்மா? விசேசம்னா நம்ம எல்லாரும் ஒண்ணா நின்னுல்ல செஞ்சோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள், பெரியம்மாவும்தான். வழக்கம்போல அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்து நான்தான் பேச வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தி நிறுத்தினாள்.

"எல்லாரும் எங்க நின்னீகப்பா?" என்றாள், குரலை உயர்த்தாமல். "நீங்கள்லாம் உக்காந்திருந்தீக. நின்னது நான் ஒருத்திதான்."