ஒரு முறம் தவிடு

கம்பளியின் நெடி எனக்கு இன்றைக்கும் பயத்தின் நெடிதான். ஆட்டு மயிரும் அடுப்புப் புகையும் தேயிலைக் கறையும் பழைய வியர்வையும் கலந்த அந்த வாசனை, ஒரு சித்திரை மாத மத்தியானத்தில், தார் உருகும் வெயிலில், பஸ் கிளப்பிய புழுதியோடு சேர்ந்து எங்கள் வாசலுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தவள் பெரியம்மா. அவளுக்குப் பின்னால் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. இலங்கையின் மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து கடல் தாண்டி எங்கள் புது வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தோம். எனக்கோ அது பொய் என்று தெரிந்திருந்தது. அவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார்கள்.

நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டு வந்து அப்போது மூன்று வருடம்தான் இருக்கும். அப்பாவின் பாட்டனார் காலத்தில் பஞ்சம் பிழைக்க இந்தப் பக்கத்திலிருந்து தேயிலைக்காட்டுக்குப் போன குடும்பம் எங்களுடையது. கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளுக்கு அங்கே 'லயம்' என்று பெயர். ஒரே லயத்தில், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்த அண்ணன் தம்பியில், தம்பிக்கு இந்தியா, அண்ணனுக்குச் சிலோன் என்று சர்க்கார் குடியுரிமை எழுதிவிட, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். செந்துறைக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவே, முந்திரிக்காட்டை ஒட்டி, எங்களைப் போல வந்த சில குடும்பங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைச் 'சிலோன் காலனி' என்றார்கள். அப்பா சுண்ணாம்புக்கல் வெட்டப் போனார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போய், கொட்டைப்பால் பட்டு விரல் தோல் உரிந்து வந்தாள். கீற்றுக் கூரையைப் பிரித்து ஓடு போட்டது அந்த வருடம்தான். மண் சுவர் அப்படியே இருந்தாலும் அம்மா அதைப் 'புது வூடு' என்றுதான் சொல்லுவாள்.

என் பயத்துக்குக் காரணம் என் பெயரிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் சரோஜா, வீட்டில் 'தவுடாயி'. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. நானும் போய்விடக் கூடாது என்று, எங்கள் சனங்களின் வழக்கப்படி, பிறந்த கையோடு என்னை விற்றுவிட்டார்கள். விலை ஒரு முறம் தவிடு. பிள்ளை இல்லாத பெரியம்மா அந்தத் தவிட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாசற்படியில் கிடத்தியிருந்த என்னை எடுத்துக்கொண்டாள். பிள்ளை கைமாறிவிட்டால் பெற்றவளின் கெட்ட நேரம் பிள்ளையைத் தொடராது என்பது நம்பிக்கை. பெண்பிள்ளையென்றால் பெரியவளாவதற்குள் அதே அளவு தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். வாங்கியவள் சம்மதித்து மீட்கிறவரை அது அவளுடைய பிள்ளை.

பெயருக்குத்தான் விற்பனை என்றாலும், பெரியம்மா என்னை நிஜமாகவே வளர்த்தாள். அம்மா கொழுந்து பறிக்க மலையேறிப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற 'புள்ளைக் காம்பரா'வில் பெரியம்மாதான் ஆயா. இருபது குழந்தைகள் அழுதாலும் அவள் மடி எனக்குத்தான் என்று அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். ஆனால் பாஸ்போர்ட் வந்து, கெடு நெருங்கி, ஒரே வாரத்தில் சட்டி பானையை விற்றுக் கிளம்பிய அவசரத்தில் என்னை மீட்க எல்லோருமே மறந்து போனார்கள். கப்பலில் பாதிக் கடல் வந்த பிறகுதான் அம்மாவுக்கு அது உறைத்திருக்கிறது.

அவர்கள் வரப்போவதாகச் சேதி வந்த அன்று, அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டே அம்மா அப்பாவிடம் பேசியது என் காதில் விழுந்தது.

“அக்கா வெலைக்கு வாங்குன புள்ள. வந்து கேட்டாங்கன்னா இல்லன்னு சொல்ல நமக்கு வாயி ஏது?”

அப்பா ஒடித்த சுள்ளிகளை எடுத்து அடுக்கினார். அவர் அடித்துப் பேச வேண்டும், யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று கத்த வேண்டும் என்று நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வேண்டிக்கொண்டேன். கடைசியில் அவர், “அங்க போனா மூணு வேளையும் திங்கும்,” என்று மட்டும் சொன்னார். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். ராத்திரிக்குக் கம்பங்கூழ் பற்றாமல் அம்மா வெறுந்தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் போவதுதான் நியாயம் என்று எனக்கே பட்டது.

வந்த அன்று பெரியம்மா தகரப் பெட்டியைத் திறந்தாள். அப்பாவுக்கு லுங்கி மாதிரி கட்டுகிற சாரம், அம்மாவுக்குச் சீத்தைத் துணி, தேயிலைப் பொட்டலம், தம்பிகளுக்கு டின் பிஸ்கட். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து கடைசியாக ஒன்றை எடுத்து உதறி என் தோளில் வைத்து அளவு பார்த்தாள். கையால் பின்னிய சிவப்புக் கம்பளி ஸ்வெட்டர். வெளியே முந்திரி இலைகூட அசையாத வெயில், ஓடு இறக்கிய அனல், அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, என் மார்பில் ஒரு ஸ்வெட்டர். இந்த ஊரில் இருக்கப் போகிற பிள்ளைக்கு யாராவது ஸ்வெட்டர் பின்னுவார்களா? அம்மாவும் நானும் ஒரே சமயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்தது விருந்தோம்பல் என்று சொன்னால் சிரிப்பார்கள். அம்மா வாய் நிறைய “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டாள், கடன் சொல்லி வாங்கி வந்து கறிக்குழம்பு வைத்தாள், ஆனால் என்னை மட்டும் பெரியம்மாவின் கைக்கு எட்டவிடவில்லை. அவள் தலை வாரிவிடக் கூப்பிட்டால் எனக்கு ஆடு ஓட்டுகிற வேலை வந்துவிடும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மா குடத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவாள். படுக்கும்போது தன் முந்தானை நுனியையும் என் பாவாடை நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் நான் முந்திரிக்காட்டில் தாழ்ந்த கிளைகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தேன். பாம்புக்கும் தேளுக்கும் பயந்து நாங்கள் கால் வைக்காத இடம் அது. ஆனால் அந்த நாட்களில் எனக்குத் தேளைவிடத் தகரப் பெட்டியிடம்தான் பயம். காலை மடக்கிப் படுத்தால் நான் அதற்குள் அடங்கிவிடுவேன் என்று மனசுக்குள் அளந்து பார்த்திருந்தேன்.

விசா முடிய நாலைந்து நாள் இருக்கும்போது பெரியம்மா அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டாள். “தங்கச்சி, வூட்ல தவுடு இருக்கா?”

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. பழைய வியாபாரத்தை ஞாபகப்படுத்துகிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. “இந்தக் காஞ்ச ஊர்ல தவுட்டுக்கு எங்கக்கா போறது?” என்றாள் அம்மா. ஆட்டுக்கென்று ஜெயங்கொண்டத்து மில்லிலிருந்து வாங்கி வைத்திருந்த தவிடு மூலையில் ஒரு மொடா நிறைய இருந்தது. பெரியம்மா குளிக்கப் போன சமயம் அம்மா அதைத் தூக்கிக்கொண்டுபோய், பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுத் தொழுவத்தில் வைத்துவிட்டு வந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தவிடு கண்ணில் படாவிட்டால் பேச்சும் வராது என்று நினைத்திருப்பாள்.

கிளம்புகிற அன்று காலையில் பெரியம்மாவைக் காணோம். கொஞ்ச நேரத்தில், அதே மொடாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் வந்தாள். தவிடு கேட்டு அவள் போய் நின்றது அந்த நிலத்துக்காரர் வீட்டில். அந்த வீட்டம்மா, “ஒங்க தங்கச்சிதான் எங்க தொழுவுல கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்காங்க, எடுத்துக்கிட்டுப் போங்க,” என்று வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா மொடாவை அம்மாவின் காலடியில் இறக்கி வைத்தாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அம்மா என்னை இழுத்துத் தன் சேலைக்குள் சேர்த்துக்கொண்டாள். அவள் இதயம் அடித்துக்கொண்டது என் கன்னத்தில் கேட்டது.

“குடுக்க மாட்டேங்க்கா,” என்றாள் அம்மா. “எங்கூடவே இருந்து கூழு குடிக்கட்டும்.”

பெரியம்மா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“போன கலவரத்துல நம்ம லயத்துக்குத் தீ வச்சாங்க. விடியிற வரைக்கும் தேயிலைக்குள்ள குப்புறப் படுத்துக் கெடந்தோம். அப்ப எனக்கு வேற ஒரு நெனப்பும் இல்ல. இவளை வெலைக்கு வாங்குனவ நானு. எனக்கு ஒண்ணு ஆயிட்டா எங்கணக்குல இவளும் சேந்துருவாளேன்னுதான். அதுக்குத்தான் கடல் தாண்டி வந்தேன் தங்கச்சி. என் தவுட்டை அளந்து குடுத்துட்டு ஒம்புள்ளய எடுத்துக்க.”

அம்மா அழுத அழுகையை எப்படிச் சொல்வது. அப்போ அந்த ஸ்வெட்டர் எதற்கு என்று விம்மலுக்கு நடுவே கேட்டாள். ஊர் என்றால் குளிரும் என்று நினைத்தேன், குளிராத ஊரை நான் எங்கே கண்டேன் என்றாள் பெரியம்மா. பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா முறத்தில் தவிட்டை அள்ளி, தலை தட்டிக் கொடுத்தாள். பெரியம்மா அதைத் தன் பழைய சேலைத் துணியில் கொட்டி மூட்டையாகக் கட்டினாள். பிறகு என்னைக் கையைப் பிடித்து வாசற்படிக்கு வெளியே கூட்டிப்போய், திரும்ப உள்ளே அழைத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். “எம்புள்ள இனிமே ஒம்புள்ள,” என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் பயம் அவ்வளவு லேசில் விட்டுவிடுமா? அரியலூர் பஸ்ஸுக்கு அவர்கள் செம்மண் பாதையில் நடந்தபோது, மூட்டையின் பீற்றல் வழியாகத் தவிடு ஒழுகிக்கொண்டே போனது. பின்னாலேயே கோழிகள் ஓடி ஓடிக் கொத்தின. அளவு குறைந்துவிட்டால் மீட்டது செல்லாது, பாதி வழியில் கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கோழிகளை விரட்டிவிட்டு, மண்ணோடு சேர்த்துத் தவிட்டை அள்ளிக்கொண்டு ஓடினேன். அதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. ஜன்னலில் கம்பளிச் சுருள் மட்டும் தெரிந்தது. எத்தனையோ நாள், பஸ் சத்தம் கேட்டால் ஓடி ஒளிந்துகொண்டேன்.

பிறகு இன்னொரு கலவரம் வந்தது. ரேடியோவில் சேதி சொல்லும்போது அப்பா அடுப்பைக்கூட அணைத்துவிட்டுக் கேட்பார். அந்த முறை பெரியப்பா மட்டும்தான் வந்து சேர்ந்தார். பெரியம்மாவைப் பற்றி நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. ஒரு நாள் நான் ஆட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார். “அந்தத் தவுட்டைக் கப்பல்ல கொண்டுபோயி, லயத்துல மொறத்துல போட்டு அளந்து பாத்தா. ஒரு பிடி கொறஞ்சுது. திருப்பிக் கேக்கணுமான்னேன். பேசாம சிரிச்சுக்கிட்டா.”

இப்போது அந்தக் கப்பல் இல்லை. காலனி வீடுகளெல்லாம் மாடி வீடுகளாகிவிட்டன. செம்மண் பாதையில் சிமெண்டு போட்டுவிட்டார்கள். முந்திரிக்காட்டைப் பாதிக்கு மேல் அழித்துவிட்டார்கள். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது என்றால் என் பேத்தி நம்ப மறுக்கிறாள். தவுடாயி என்று கூப்பிடவும் யாரும் மிச்சமில்லை. ஒரு நாளும் போட முடியாத சிவப்பு ஸ்வெட்டர் பீரோவில் பூச்சி அரித்துக் கிடக்கிறது. எதைக் கண்டு அன்று அவ்வளவு பயந்தேனோ, அந்த ஒரு பிடித் தவிட்டை நினைத்துத்தான் இன்றைக்கு மனசு ஆறுகிறது. அந்தக் கோழிகள் கொத்திய அளவுக்காவது நான் இன்னமும் பெரியம்மாவின் பிள்ளைதான்.